நடை அவளுக்கு, மாத்திரை அவருக்கு

சோபா தைக்கிற அந்த வீட்டில் வேலை மூன்றாகப் பிரிந்திருந்தது. மரம், ஸ்பிரிங், ஆணி எல்லாம் மேஸ்திரியின் பாடு. துணி, ரெக்சின், நூல், தையல் மெஷின் எல்லாம் அவர் மனைவியின் பாடு. செய்து முடித்ததைத் தூக்கிக்கொண்டு போய்க் கேட்டவர் வீட்டுக் கூடத்தில் இறக்கி வைப்பது அவள் தம்பியின் பாடு. மூன்று பேர் உட்காரும் சோபாவைக்கூட ஒற்றை ஆளாகத் தலைக்கு மேல் தூக்கிவிடுவான் என்பதால் தெருவில் அவனுக்கு லாரி என்று பெயர். ஒருவர் வேலையில் இன்னொருவர் கை வைப்பதில்லை. கீழே கிடக்கிற ஊசியை மேஸ்திரி எடுக்கமாட்டார், தாண்டிப் போவார். இழைப்புளி மேல் அவள் துணியைப் போடமாட்டாள்.

இந்தப் பழக்கம் பட்டறையோடு நிற்கவில்லை. வங்கிக்கு அவள் போவாள், மின்சார அலுவலகத்துக்கு அவர் போவார். யாராவது கல்யாணத்துக்குக் கூப்பிட்டால் ஒருவர் மட்டும் போய் இன்னொருவருக்கும் சேர்த்து வாழ்த்திவிட்டு, சேர்த்தே சாப்பிட்டுவிட்டும் வருவார். பேரம் பேசுவது அவள். பேரம் நடக்கும்போது காது கேட்காதவர்போல ரம்பம் இழுப்பது அவர். செய்தித்தாளை அவர் படிப்பார், அவளுக்கு வேண்டியதை மட்டும் சொல்வார். கோபம்கூட முறை வைத்துத்தான். ஒருவருக்குக் கோபம் வந்துவிட்டால் மற்றவருக்கு அன்றைக்கு விடுமுறை. பிள்ளைகள் இல்லாத வீடு என்பதால் பங்கு போடுவதில் சிக்கலும் இல்லை.

லாரியின் உயிர் போனது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் படிக்கட்டில். மின்தூக்கி பழுதாகிக் கிடந்தது. மேல் மாடி அம்மா ஒருவர் கேட்டிருந்த பச்சை சோபாவைத் தூக்கிக்கொண்டு ஏறியவன், படி திரும்புகிற இடத்தில் அதை இறக்கி வைத்து, அதன் மேலேயே உட்கார்ந்திருக்கிறான். ஓய்வெடுக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். காய்கறிப் பையோடு வந்த ஒரு பெண், வழியை மறித்துக்கொண்டு ஹாயாக உட்கார்ந்திருப்பதற்காக அவனைத் திட்டிவிட்டுச் சுவரோரமாக ஒதுங்கி ஏறிப் போயிருக்கிறாள். அவன் பதில் சொல்லாததை அவள் திமிர் என்று எடுத்துக்கொண்டாள்.

மேஸ்திரியும் அவளும் நேரே மருத்துவமனைக்கு ஓடினார்கள். ஓடி ஆகப்போவது ஒன்றுமில்லை என்று அங்கே போனபிறகு தெரிந்தது. மாரடைப்பு என்றார்கள். சோபாவைக் கட்டடத்து ஆட்களே மேலே தள்ளி ஏற்றிவிட்டார்கள்.

எல்லாம் முடிந்து வீட்டுக்கு வந்த மறுநாள் அவள் மெஷினில் உட்கார்ந்து, பாதியில் நின்ற மெத்தை உறைக்கு ஓரம் அடித்தாள். தையல் கோணவில்லை. பார்க்க வந்தவர்கள் அவள் அழுவதற்காகக் காத்திருந்துவிட்டுப் போனார்கள். அழுதுவிடும்மா, உள்ளேயே வைத்துக்கொள்ளாதே என்று ஒரு சித்தி முதுகைத் தடவினாள். அவள் உள்ளே தேடிப் பார்த்தாள். வைத்துக்கொள்ள ஒன்றும் இருப்பதாகத் தெரியவில்லை. பல் பிடுங்கும் முன் ஊசி போட்டபிறகு கன்னத்தைத் தொட்டால், யாருடைய கன்னத்தையோ தொடுவதுபோல இருக்குமே, உடம்பு முழுக்க அப்படித்தான் இருந்தது. பசித்தது, சாப்பிட்டாள். தூக்கம் வந்தது, தூங்கினாள். அவ்வளவுதான்.

லாரியின் மூன்றுசக்கர வண்டியைக் கட்டடத்து வாட்ச்மேன் தள்ளிக்கொண்டு வந்து விட்டார். இருக்கைக்கு அடியில் கயிறு, சாக்கு, பழைய துண்டு, ஒரு தகர டப்பா. டப்பாவில் பச்சையும் பழுப்புமாக ஏதோ மூலிகைப் பொடி, ஒரு சின்னக் கரண்டி. தெரு மூலையில் மருந்துச் செடிகளும் வேர்களும் விற்கிற கடைக்காரரிடம் கொண்டுபோய்க் காட்டினாள். அவர் பார்த்ததும் தெரிந்துகொண்டார். நெஞ்சு எரிகிறது, கொழுப்பைக் கரைக்கிற மாதிரி ஏதாவது கொடுங்கள் என்று மாதக்கணக்காக வந்து வாங்கியிருக்கிறானாம். வீட்டில் சொல்லாதீர்கள், சிரிப்பார்கள் என்றும் சொல்லியிருக்கிறானாம். அவள் டப்பாவை மூடி எடுத்துக்கொண்டு திரும்பி வந்தாள். மேஸ்திரியிடம் சொன்னாள். பிறகு துணி வெட்டினாள்.

சில வாரம் கழித்துத் தெருக்கோடி சுகாதார நிலையத்தில் எல்லோருக்கும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். லாரி போனதிலிருந்து தெருவுக்கே நெஞ்சு பயம் பிடித்திருந்தது. லேசாக ஏப்பம் வந்தால்கூட மார்பில் கை வைத்துக்கொண்டார்கள். வரிசையில் இவர்கள் முறை வந்தபோது நர்ஸம்மா மேஸ்திரியைக் காட்டி, புதிதாக வந்திருந்த டாக்டரம்மாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னார்: "டாக்டர், அந்தப் படிக்கட்டுல போனது இவரோட தம்பிதான்."

மேஸ்திரி அவனை ஒருநாளும் மச்சான் என்று கூப்பிட்டதில்லை. தம்பி, தம்பி என்றுதான் கூப்பிடுவார். கூடவே வேலை பார்த்தவன் என்பதால் தெருவும் அவனை மேஸ்திரியின் தம்பி என்றே வைத்துக்கொண்டது. இப்போதும் அவர் மறுக்கவில்லை; தலையை ஆட்டினார். பின்னால் நின்றிருந்த அவளுக்கும் கேட்டது. இல்லை, என் தம்பி என்று சொல்ல வாயைத் திறக்கவேண்டும். திறப்பது பெரிய வேலையாகத் தோன்றியது. விட்டுவிட்டாள்.

இருவருக்கும் ரத்தத்தில் கொழுப்பு அதிகம். டாக்டரம்மாவின் கவனமெல்லாம் மேஸ்திரி மேல்தான் இருந்தது. கூடப்பிறந்தவர் இப்படிப் போயிருக்கிறார், தொப்பை வேறு, நாள் முழுக்க ஒரே இடத்தில் உட்கார்ந்து வேலை. இப்படியே விட்டால் அடுத்தது நீங்கள்தான் என்று சுற்றி வளைக்காமல் சொன்னார். நிலையத்தில் அப்போது ஒரு முயற்சி நடந்துகொண்டிருந்தது. தினமும் வேகநடை, அதோடு பூண்டுச் சாறும் வெந்தயச் சாறும் அடைத்த மூலிகை மாத்திரை காலையும் மாலையும். மூன்று மாதம் இரண்டையும் விடாமல் செய்துவிட்டு மறுபடி ரத்தம் பார்ப்பது. இறங்காவிட்டால் ஆஸ்பத்திரி மாத்திரை. நடை எந்த வேகம் என்று மேஸ்திரி கேட்டதற்கு நர்ஸம்மா விளக்கினார்: நடக்கும்போது பேச முடியவேண்டும், பாட முடியக்கூடாது.

ஆளுக்கொரு டப்பா மாத்திரையோடு வீடு வந்தார்கள். அங்கேதான் வம்பு தொடங்கியது.

மேஸ்திரி நடக்கமாட்டேன் என்றார். லாரி நடக்காத நடையா? காலையிலிருந்து இருட்டும்வரை ஊரையே அளந்தவன். அவனுக்கு உதவாத நடை எனக்கு உதவுமா என்று கேட்டார். அவள் மாத்திரையைத் தொடமாட்டேன் என்றாள். தகர டப்பாவில் பொடி வைத்துக்கொண்டு ரகசியமாகத் தின்றவனுக்கு அது என்ன செய்தது? மாத்திரையைக் கையில் எடுத்தாலே அந்தக் கரண்டி தெரிந்தது. இதில் வேடிக்கை, செத்தவன் ஒருவன்தான். அவனை ஆளுக்கொரு பக்கம் சாட்சிக்கு இழுத்தார்கள்.

கடைசியில் வழக்கம்போல முடிந்தது. "சரி விடு, நீ நட. நான் முழுங்கிடறேன்" என்றார் மேஸ்திரி.

முதலில் விளையாட்டாகத்தான் சொன்னார். மறுநாள் காலை அவள் தன் நடையை முடித்துவிட்டு அவர் பங்குக்கும் இன்னொரு சுற்றுப் போய்வந்தாள். அவர் தன் மாத்திரையையும் அவள் மாத்திரையையும் ஒரே மடக்கில் விழுங்கினார். ஒருவர் நடந்தால் இன்னொருவர் கொழுப்பு கரையாது என்பது தெரியாத அளவுக்கு இருவரும் முட்டாள்கள் இல்லை. ஆனால் வீட்டுக் கணக்கில் வேலை முடிந்துவிட்டது. முடிந்த வேலையைப் பற்றி அந்த வீட்டில் மறுபடி யாரும் பேசுவதில்லை.

அவள் நடந்தாள். பாட வருகிறதா என்று பார்க்க அவளுக்குப் பாட்டு ஒன்றும் வாயில் வரவில்லை. அதனால் துணி அளவுகளைச் சொல்லிப் பார்த்தாள்: முதுகுக்கு இவ்வளவு, கைப்பிடிக்கு இவ்வளவு, ஓரத்துக்கு விட்டது இவ்வளவு. மூச்சு இழுத்து, அளவு பாதியில் அறுந்தால் வேகம் சரி என்று வைத்துக்கொண்டாள். எதிரே வருபவர்கள், பாவம், தம்பி போனதிலிருந்து மனசு சரியில்லை, தனக்குத்தானே பேசிக்கொள்கிறாள் என்று விலகி வழிவிட்டார்கள். அதுவும் நடைக்கு வசதியாகத்தான் இருந்தது.

ஒருநாள் மழை பிடித்துக்கொண்டது. ஒதுங்கிய இடம் அந்த அடுக்குமாடிக் கட்டடம். வாட்ச்மேனுக்கு அவளை அடையாளம் தெரிந்தது. பேசாமல் எழுந்து நாற்காலியைக் கொடுத்தார். அவள் உட்காரவில்லை. நடை பாதியில் நிற்கிறதே என்று நினைத்தாள். படிக்கட்டு நனையாமல் இருந்தது. ஏறினாள். படி திரும்புகிற இடத்துச் சுவரில் சோபாவின் கட்டை உராய்ந்து சுண்ணாம்பு பெயர்ந்திருந்தது. இங்கதாம்மா என்று வாட்ச்மேன் கீழிருந்து சொன்னார். அவள் நின்று பார்த்தாள். ஒரு ஜன்னல், சுவரோரம் யாரோ வைத்த காலிச் செடித்தொட்டி, தரையில் சிமெண்ட். இங்கே நின்றாலாவது ஏதாவது வரும் என்று காத்தாள். மூச்சு மட்டும் வாங்கியது. மேலே ஏறினாள், இறங்கினாள், மறுபடி ஏறினாள். படியேறுவது நடையைவிட நல்லது என்று நர்ஸம்மா எப்போதோ சொன்னது ஞாபகம் வந்தது. அன்றிலிருந்து மழை இல்லாவிட்டாலும் அங்கேயே போனாள். மேஸ்திரியிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவும் இல்லை. அது அவள் பங்கு வேலை.

அவர் தன் பங்கை ஒழுங்காகச் செய்துகொண்டிருந்தார். உன் பங்கையும் சேர்த்து முழுங்கியதில் சாப்பாட்டுக்கு வயிற்றில் இடமில்லை என்பார், சொல்லிவிட்டு இரண்டு தட்டுச் சாப்பிடுவார். பட்டறை முழுக்கப் பூண்டு வாடை. சோபா எடுக்க வந்த ஒருவர் பஞ்சை முகர்ந்து பார்த்தார். ஒரு தரம் பல் தேய்க்கும்போது ஈறில் ரத்தம் வந்தது. கெட்ட ரத்தம் வெளியேறுகிறது, மருந்து வேலை செய்கிறது என்று மேஸ்திரி மகிழ்ந்துபோனார்.

பல் மருத்துவர் ஒருவரின் காத்திருப்பு அறைக்கு நீள சோபா ஒன்று ஒப்புக்கொண்டிருந்தார்கள். பால்நிறத் துணி. கறை படிந்தால் எடுக்க முடியாது என்று துணிக்கடைக்காரர் முதலிலேயே எச்சரித்த துணி. அவள் வெட்டி மேசைமேல் விரித்து வைத்திருந்தாள். பக்கத்தில் மேஸ்திரி ஃபோம் அறுத்துக்கொண்டிருந்தார். ஃபோம் அறுக்கிற கத்தி நீளமானது, சத்தமில்லாதது. அவர் அம்மா என்றுகூடச் சொல்லவில்லை, கையை உதறினார். துணியெல்லாம் சிவப்புப் பொட்டு.

விரலில்தான் வெட்டு. இதைவிடப் பெரிய வெட்டெல்லாம் அந்தக் கையில் பட்டு, மரத்தூளை அப்பிக்கொண்டு அரைமணியில் வேலையைத் தொடர்ந்திருக்கிறார். இந்த முறை நிற்கவில்லை. துண்டு ஃபோமை வைத்து அழுத்தினாள். ஃபோம் நனைந்து கனத்தது. இன்னொன்று வைத்தாள். அதுவும் நனைந்தது. மேஸ்திரியின் முகம் அந்தத் துணியின் நிறத்துக்கு வந்துவிட்டது. அவள் விரலை விடாமல் பிடித்துக்கொண்டு மேசையைப் பார்த்தாள். முதுகுத் துண்டு போச்சு, ஆனால் கறை படாத பக்கத்தில் கைப்பிடிக்குத் தேறும், மிச்சத்துக்கு மறுபடி துணி எடுக்கவேண்டும் என்று கணக்குப் போய்க்கொண்டிருந்தது. இப்போது இதை நினைக்கலாமா என்று தோன்றியது. ஆனால் நினைப்பு நிற்கவில்லை, ரத்தமும் நிற்கவில்லை.

சுகாதார நிலையத்தில் தையல் போட்டு, இறுகக் கட்டி, ரத்தம் நின்றபிறகு டாக்டரம்மா, வேறு என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று விசாரித்தார்.

"நீங்க குடுத்ததுதான் டாக்டர். நாலு" என்றார் மேஸ்திரி.

"ரெண்டுதானே சொன்னேன்?"

"எனக்கு ரெண்டு. இவளுக்கு ரெண்டு."

"அப்ப இவங்க என்ன சாப்பிடறாங்க?"

"இவ நடக்கிறா."

"நீங்க?"

"எனக்கும் சேர்த்து இவளே நடந்திடறா."

டாக்டரம்மா பேனாவை மூடினார். நர்ஸம்மா கட்டுத் துணியைச் சுருட்டிக்கொண்டே, "மூச்சாவது தனித்தனியா விடறீங்களா, அதுவும் பங்குதானா?" என்று கேட்டார். மேஸ்திரி சிரித்தார். டாக்டரம்மா சிரிக்கவில்லை. பூண்டுச் சாறு அளவு மீறினால் ரத்தத்தை உறையவிடாது, மூலிகைதானே என்று அள்ளிப் போட்டுக்கொள்ள அது மிட்டாய் இல்லை என்றார். மாத்திரை சின்ன உதவிதான். உடம்பு சூடாகி, வியர்த்து, இதயம் வேலை செய்தால்தான் அதற்கும் பலன். இரண்டும் ஒரே உடம்பில் நடக்கவேண்டும். இனி அவரவர் மாத்திரையை அவரவர், அவரவர் நடையை அவரவர். காயம் ஆறியதும் தொடங்கி மூன்று மாதம் என்று சொல்லி அனுப்பினார்.

வீட்டுக்கு வந்து கட்டுப்போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு மேஸ்திரி பழைய பாட்டையே எடுத்தார்.

"நடந்தவன்தானே போனான்?"

அவள் கறைபட்ட துணியை மடித்துக்கொண்டிருந்தாள். "அவன் எங்க நடந்தான். சுமந்தான். நடக்கிறது வேற, சுமக்கிறது வேற."

அவர் கைக்கட்டைத் திருப்பிப் பார்த்தார். பிறகு, "அப்ப நீ மட்டும்? அவன் தின்னது யார்கிட்டயும் காட்டாம, கேக்காம. இது டாக்டர் குடுக்கிறது. அதுவும் வேற இதுவும் வேறதானே?" என்றார்.

காயம் ஆறிய பிறகு ஒருநாள் காலையில் மாத்திரையை வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். வெளியே வந்துவிட்டது. இன்னொன்றைப் போட்டு, வாயைப் பொத்திக்கொண்டு நின்றாள். இறங்கியது. கண்ணில் நீர் கோத்ததைத் துடைத்தாள். குமட்டலில் வந்த நீர்தான். "நான் என் பங்கை முடிச்சிட்டேன். எழுந்திருங்க" என்றாள்.

மேஸ்திரியோடு நடப்பது, சோபாவோடு நடப்பதுபோலத்தான். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் நின்றார். இந்த வீட்டு நாற்காலிக்கு நான்தான் கால் போட்டேன், இவன் ஸ்பிரிங் மாற்றிக்கொண்டு இன்னும் காசு தரவே இல்லை, இந்தம்மா மெத்தையில் பூனை படுக்கும் என்று தெரு முழுக்க அவருக்குத் தெரிந்தது உட்காருகிற சாமான்கள்தான். நடக்கிறபோது பேச முடியவேண்டும் என்பதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொண்டார். அவள் பதில் சொல்லாமல் முன்னால் போனாள். அடுக்குமாடிக் கட்டடத்துக்குள் அவள் திரும்பியபோது அவர் வாசலிலேயே நின்றுவிட்டார்.

"இங்கயா வர்ற?"

"ம்."

"தினமுமா?"

அவள் ஏறத் தொடங்கினாள். சற்றுக் கழித்துப் பின்னால் அவர் செருப்புச் சத்தம் கேட்டது. படி திரும்புகிற இடத்தில் நின்றார்கள். மேஸ்திரி சுவரில் பெயர்ந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தார். பிறகு கைப்பிடிக்கும் சுவருக்கும் இடையில் பார்வையை ஓட்டினார், மரம் வாங்கும்போது பார்க்கிற மாதிரி.

"காலைக் கழட்டிட்டுத் திருப்பியிருந்தா சுலபமா ஏறியிருக்கும்."

"அவன் எதைக் கழட்டினான்? ஸ்குரூ டிரைவரே எடுத்துட்டுப் போகமாட்டான்."

"ஆமா" என்றார் அவர். லாரியைப் பற்றி அவர்கள் சேர்ந்து பேசியது அவ்வளவுதான். அவர் மூச்சு இரைத்தது. அவள் அதைக் காதுகொடுத்துக் கேட்டாள். இந்த இடத்தில், இந்த மூச்சுக்கு, பயம் வந்திருக்கவேண்டும் என்று அவளுக்குத் தெரியும். வரவில்லை. இருந்தாலும், அது தணிகிறவரைக்கும் அசையாமல் நின்று கேட்டாள். தணிந்ததும் இறங்கிவிட்டார்கள்.

அதன்பிறகு அவர் தினமும் வந்தார். முதலில் அந்தத் திருப்பம்வரை, பிறகு அதற்கு மேலே. வாட்ச்மேன் அவர்களுக்காக வாசலைக் கூட்டி வைத்தார். மேல் மாடி அம்மா ஒருநாள் எதிர்ப்பட்டு, சோபா நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டு, சொன்னது சரியா தப்பா என்று தெரியாமல் வேகமாக இறங்கிப்போனார். மேஸ்திரியின் பெல்ட்டில் புது ஓட்டை விழுந்தது. நாலாவது மாடிவரை போய் ஒரே மூச்சில் பேச்சுக் கொடுப்பார். அவளுக்குத்தான் சமீபமாகக் கடைசிப் படிகளில் நெஞ்சு இறுகுகிற மாதிரி இருந்தது. அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எல்லாமே தூரத்தில் யாருக்கோ நடப்பதுபோலத்தானே இருந்தது, இதுவும் அப்படித்தான்.

மறுபடி ரத்தம் கொடுத்தார்கள். முடிவு வந்த அன்று மேஸ்திரி சலவைச் சட்டை போட்டுக்கொண்டார். அவள் வழியெல்லாம் அவரைப் பார்த்துக்கொண்டே வந்தாள். இத்தனை மாதமும் அவள் செய்ததெல்லாம் இந்த ஒன்றுக்காகத்தான்: இவர் அவனைப்போல ஏதோ ஒரு படியில் உட்கார்ந்துவிடக்கூடாது.

உட்காரமாட்டார் என்று தெரிந்தது. அவர் கொழுப்பு நன்றாக இறங்கியிருந்தது. டாக்டரம்மா இருக்கையை விட்டு எழுந்து கைகொடுத்தார், நர்ஸம்மா கைதட்டினார். நடையும் மாத்திரையும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன, விடாதீர்கள் என்றார் டாக்டரம்மா. மேஸ்திரி, பரிசு வாங்கிய பள்ளிக்கூடப் பையன்போல அவளைத் திரும்பிப் பார்த்தார். அவள் தலையசைத்தாள்.

டாக்டரம்மா அடுத்த தாளை எடுத்தார். பார்த்தார், பழைய தாளைத் தேடி எடுத்து அதையும் பார்த்தார்.

"நீங்க ஒழுங்கா நடக்கலையா?"

"என்னைவிட இவதான் அதிகம் நடக்கிறா" என்றார் மேஸ்திரி.

"மாத்திரை?"

"என் கண் முன்னாலதான் முழுங்கறா."

இறங்கவே இல்லை. முன்பு இருந்ததைவிடக் கொஞ்சம் ஏறியும் இருந்தது. டாக்டரம்மா நாற்காலியை அவள் பக்கம் திருப்பிக்கொண்டு, உங்கள் குடும்பத்தில் யாருக்காவது சின்ன வயதில் நெஞ்சுக் கோளாறு உண்டா என்று கேட்டார்.

அவள் சொல்லுமுன் நர்ஸம்மா, அவருக்குத்தானே டாக்டர், அவர் தம்பி என்று தொடங்கினார்.

"என் தம்பி" என்றாள் அவள். "லாரி என் தம்பி. கூடப் பிறந்தவன்."

மேஸ்திரி தலைகுனிந்து, அதை ஏதோ தான் மறைத்து வைத்திருந்ததுபோல, மெதுவாக ஆமாம் என்றார்.

அப்பா? அப்பாவும் இளவயதில்தான் போனார். சைக்கிளிலிருந்து விழுந்து இறந்தார் என்று சொன்னார்கள். விழுந்ததால் இறந்தாரா, இறந்ததால் விழுந்தாரா என்று அதுவரை அவள் யோசித்ததில்லை. டாக்டரம்மா அவள் செருப்பைக் கழற்றச் சொல்லிக் குதிகாலுக்குப் பின்னால் உள்ள தசைநாரைத் தொட்டுப் பார்த்தார். கயிறுபோலத் தடித்து, முடிச்சு முடிச்சாக இருந்தது. பல வருடமாக அப்படித்தான். மெஷின் மிதியை அழுத்தி அழுத்திக் காய்த்துப்போனது என்று அவள் வைத்திருந்தாள். தம்பிக்கும் இருந்தது. அவனுக்கு அது சுமை தூக்கிக் காய்த்தது.

இது காய்ப்பு இல்லை, கொழுப்பு என்றார் டாக்டரம்மா. பிறவியிலேயே ரத்தத்தில் வருவது. நடையாலும் மூலிகையாலும் மட்டும் இறங்காது. ஆஸ்பத்திரி மாத்திரை தினமும், ஆயுசுக்கும். மூலிகையை நிறுத்திவிடலாம். நெஞ்சு இறுகியதா என்று கேட்டார். இறுகியது என்றாள். என்கிட்ட சொல்லவே இல்லையே என்றார் மேஸ்திரி. இதயத்தைப் பரிசோதிக்கிறவரைக்கும் படியேற வேண்டாம், நாளைக்கே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்கள் என்று டாக்டரம்மா எழுதிக்கொடுத்தார். போன தடவையே தெரிந்திருந்தால் இத்தனை மாதம் வீணாகியிருக்காது என்று சொல்ல வந்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்.

வெளியே மருந்து கொடுக்கிற ஜன்னலில் அவள் முறை வந்தது. மாத்திரை அட்டையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். பக்கத்தில் மேஸ்திரி உட்கார்ந்தார். அவர் கட்டை விரலால் முழங்காலைத் தேய்த்துக்கொண்டே இருந்தார்.

"அவன் எனக்குன்னு எதுவும் வச்சிட்டுப் போகலைன்னு நினைச்சேன்" என்றாள் அவள்.

அவர் அதற்குச் சிரிக்கவேண்டுமா என்று அவள் முகத்தைப் பார்த்தார். அட்டையை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதை நான் முழுங்க முடியாதே" என்றார். "இதுல எனக்குப் பங்கே இல்லையே."

எழுந்து போய், குளிர்ந்த தண்ணீர் வருகிற குழாயில் ஒரு டம்ளர் பிடித்துக்கொண்டு வந்தார். அவசரத்தில் பாதி அவர் சட்டையில் சிந்தியிருந்தது. அவள் ஒரு மாத்திரையைப் பிதுக்கி எடுத்து வாயில் போட்டுக் குடித்தாள். இறங்கியது. தண்ணீர் நெஞ்சுவழியாகப் போவது தெரிந்தது, பல்லெல்லாம் கூசியது. நெடுநாளைக்குப் பிறகு ஒன்று அவளுடைய வாயிலேயே, அவளுக்கே நடந்ததுபோல இருந்தது.

"ரொம்பச் சில்லுனு இருக்கு" என்று அவரிடம் சொன்னாள்.